மருந்துப் பெட்டியில் அச்சிட்டிருந்த ஒரு சொல்

அப்பா காலையிலும் இரவிலும் உணவுக்கு அரை மணி நேரம் முன்பு இன்சுலின் போட்டுக்கொள்பவர். வாழ்நாள் முழுவதும் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால், எதையும் பற்று, வரவு என்று பிரித்துப் பார்ப்பது அவருக்கு இயல்பாகிவிட்டது. சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, கடலடியில் உள்ள வெப்பத் துளைகளில் உயிர் முதன்முதலாகத் தோன்றியிருக்கலாம் என்ற கருத்தைப் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தேன். பாதியைத் தாண்டும் முன்பே உற்சாகம் தாங்காமல் அவரிடம் சில பத்திகளை உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் ஊசிக்குழலை வெளிச்சத்தில் பிடித்து மருந்தின் அளவைச் சரிபார்த்தபடியே கேட்டார்: "நானூறு கோடி ஆண்டுகளுக்கு முன்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டு இன்று யாருக்கு என்ன ஆகப்போகிறது? இதோ, என் கையில் இருக்கிறதே, இதைச் செய்தவர்கள் செய்தது அறிவியல். நீ படிப்பது கணக்கில் வராத செலவு."

அவர் கோபத்தோடு சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார். அறிவை அறிவுக்காகவே தேடலாம் என்று பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அந்தப் பதில் தவறானதன்று. ஆனால் அதைச் சொன்ன மறுகணமே, உயிர்த்தோற்ற ஆய்வால் பயன் ஏதுமில்லை என்ற அவருடைய கூற்றை நான் ஒப்புக்கொண்டவனாகிவிடுவேன். அவருடைய எண்ணம் அவருக்கு மட்டும் உரியதும் அன்று. பாடநூல்களே அப்படித்தான் பிரித்து வைத்திருக்கின்றன. உயிரின் மூலப்பொருள்களை ஆய்வகத்தில் உருவாக்கிப் பார்த்த மில்லரின் கண்ணாடிக் குடுவையை ஒரு பாடத்திலும், பாக்டீரியா சுரக்கும் இன்சுலினை வேறொரு பாடத்திலும் படித்து, இரண்டையும் தனித்தனி விடைத்தாள்களில் எழுதிவிட்டு வந்தவன்தான் நானும். ஒன்று தொல்கதை போலவும் மற்றது தொழிற்சாலை போலவும் மனத்தில் பதிந்திருந்தன. அந்தப் பிரிவினை சரியன்று என்ற உறுத்தல் அன்றிரவு தொடங்கியது. ஆனால் ஏன் சரியன்று என்பதை என்னால் அப்போது ஒரு வாக்கியத்தில்கூடச் சொல்ல முடியவில்லை.

ஓரிரு வாரம் கழித்து, தீர்ந்துபோன குப்பிக்குப் பதிலாகப் புதியதை எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தபோது, மருந்தின் அட்டைப்பெட்டியில் இருந்த சிறிய எழுத்துகள் கண்ணில் பட்டன. 'ஹியூமன் இன்சுலின், ஆர்-டி.என்.ஏ. ஒரிஜின்' என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். மரபணுவை வேறோர் உயிருக்குள் வைத்துத் தயாரிக்கும் மறுசேர்க்கை டி.என்.ஏ. முறையில் உருவானது என்பதற்கு மேல் அந்தச் சொற்களுக்குப் பொருள் ஏதுமில்லை. விலங்கிலிருந்து எடுத்த இன்சுலினிலிருந்து இதை வேறுபடுத்திக் காட்டுவதற்காக எழுதப்படும் குறிப்பு அது. ஆனாலும் தோற்றம் என்று பொருள்படும் 'ஒரிஜின்' என்ற அந்தச் சொல்லை விட்டு நகர முடியாமல் சற்று நேரம் நின்றேன். அப்பா செலவுப் பக்கத்தில் எழுதியதும் வரவுப் பக்கத்தில் எழுதியதும் ஒரே அட்டையில் அடுத்தடுத்து அச்சாகியிருந்தன.

பாக்டீரியாவுக்கு நம் மொழி எப்படித் தெரிந்தது?

முதலில் எனக்குத் தோன்றிய வாதம் எளிமையானது. நம் குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியாவுக்கும் மனிதருக்கும் இடையே, பொது முன்னோரிடமிருந்து பிரிந்த பிறகு, பல நூறு கோடி ஆண்டுகள் கடந்துவிட்டன. அதற்குக் கணையம் இல்லை, இரத்தம் இல்லை, இரத்தத்தில் சர்க்கரை கூடுவது, குறைவது என்ற சிக்கலே அதற்குக் கிடையாது. இன்சுலின் என்ற ஒன்று அதன் வாழ்வில் எந்த வேலையும் செய்வதில்லை. இருந்தும் 1978-இல் இன்சுலினுக்கான மரபணுவை அதற்குள் வைத்தபோது, அது தயக்கமின்றி அதைப் படித்து, ஓர் அமினோ அமிலம்கூட வரிசை மாறாமல் புரதத்தைக் கோத்துக் கொடுத்தது. 21 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலியை ஒரு பாக்டீரியா வகையும், 30 கொண்ட மற்றொரு சங்கிலியை இன்னொரு வகையும் தயாரிக்க, இரண்டையும் ஆய்வகத்தில் இணைத்தார்கள். 1982-இல் அது மருந்தாக ஒப்புதல் பெற்றது. இடையில் மொழிபெயர்ப்பாளர் எவரும் இல்லை. இரண்டு உயிரினங்களுக்கும் ஒரே மரபுமொழி இருந்ததால்தான் இது முடிந்தது. அந்த மொழி ஒன்றாக இருப்பதற்கு இருவரும் ஒரே மூதாதையின் வழித்தோன்றல்களாக இருப்பதே காரணம் என்று முடிவு கட்டி, அன்றிரவே அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு, அந்த மரபணுவை எங்கிருந்து எடுத்தார்கள் என்று விசாரித்தார். எவருடைய உடலிலிருந்தும் எடுக்கவில்லை என்றும், ஃபிரெடரிக் சாங்கர் 1950-களில் கண்டறிந்து தந்த இன்சுலினின் அமினோ அமில வரிசையைப் பற்றிய அறிவை அடிப்படையாகக் கொண்டு, எந்த மூன்று எழுத்துகள் சேர்ந்த சொல் எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கும் என்று காட்டும் மரபுக்குறியீட்டு அட்டவணையைப் பார்த்து, அதற்கு ஏற்ற டி.என்.ஏ. எழுத்துகளை வேதியியல் முறையில் ஒவ்வொன்றாகக் கோத்தார்கள் என்றும் விளக்கினேன். அந்த அட்டவணையை எதை வைத்துத் தயாரித்தார்கள் என்பது அவருடைய அடுத்த கேள்வி. மார்ஷல் நிரன்பெர்க்கும் ஹென்ரிச் மத்தேயியும் 1961-இல் முதல் சொல்லைப் படித்தது ஈ. கோலை பாக்டீரியாவை நொறுக்கி எடுத்த சாற்றில்தான் என்று சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அப்பா அதை வாய்விட்டுச் சொன்னார்: "பாக்டீரியாவின் மொழியைப் பாக்டீரியாவிடமிருந்தே கற்றுக்கொண்டு, அந்த மொழியில் நீங்களே ஒரு கடிதம் எழுதி, அதனிடமே கொடுத்தீர்கள். அது படித்ததில் என்ன வியப்பு இருக்கிறது?"

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று பின்னர் தோன்றியது. இன்சுலினைக் காட்டி மரபுமொழியின் ஒருமையை விளக்கும் எழுத்துகள் ஏராளம். நானும் அவற்றை நம்பி வந்தவன். ஆனால் அந்த முதல் இன்சுலினில் மனிதத்தன்மை என்று இருந்தது அமினோ அமிலங்களின் வரிசை மட்டுமே. மரபணு எழுதப்பட்ட மொழி ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தது. கணக்கேட்டில் தொகை சரியாக இருந்தாலும் பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் கையெழுத்திடாத மனிதர் ஒருவர் அருகில் இல்லாமல் போயிருந்தால், இந்த ஓட்டையை நான் கவனித்திருக்க மாட்டேன்.

பற்றுச்சீட்டு வேறோர் இடத்தில் கிடைத்தது. அடுத்த ஆண்டே, 1979-இல், மனித வளர்ச்சி ஹார்மோனைப் பாக்டீரியாவில் தயாரித்த ஆய்வு வெளிவந்தது. 191 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்திற்கான மரபணு முழுவதையும் வேதியியல் முறையில் எழுதுவது அன்றைக்குப் பெரும்பாடு. எனவே தொடக்கப் பகுதியை மட்டும் செயற்கையாக எழுதிவிட்டு, எஞ்சிய பெரும்பகுதியை, மூளையின் அடியில் உள்ள மனிதப் பிட்யூட்டரிச் சுரப்பியில் இருந்த, மரபணுவின் நகலான தூது ஆர்.என்.ஏ.விலிருந்து படியெடுத்துச் சேர்த்தார்கள். அதாவது, இந்த முறை கடிதத்தின் பெரும்பகுதி மனித உடலின் கையெழுத்திலேயே இருந்தது. ஈ. கோலை அதையும் பிழையின்றிப் படித்தது. அதுவரை இறந்தவர்களின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்துதான் இந்த ஹார்மோனை எடுத்து, வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குக் கொடுத்து வந்தார்கள். அப்படிப் பெற்றவர்களில் சிலருக்கு மூளையை அழிக்கும் குரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய் வந்ததை 1985-இல் கண்டறிந்து, அந்த மருந்தை நிறுத்தினார்கள். பாக்டீரியா தயாரித்த ஹார்மோன் அதே ஆண்டில் ஒப்புதல் பெற்று அதன் இடத்தைப் பிடித்தது. மனித வாக்கியத்தைப் பாக்டீரியாவால் படிக்க முடியாமல் இருந்திருந்தால் அந்தக் குழந்தைகளின் நிலை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கையில், மூதாதையைப் பற்றிய கேள்வியைப் பொழுதுபோக்கு என்று எவராலும் ஒதுக்க முடியாது.

அப்பாவின் அம்மாவும் சர்க்கரை நோயாளிதான். அவர் காலத்து இன்சுலின் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையங்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. முழுமையாகத் தூய்மை பெறாத அந்த மருந்தால், ஊசி போட்ட இடங்களில் கொழுப்புக் கரைந்து பாட்டியின் தொடையில் குழிகள் விழுந்திருந்ததை அப்பா இன்றும் நினைவில் வைத்திருக்கிறார். ஆனாலும் அந்த மருந்து அவரை இருபது ஆண்டுகளுக்கு மேல் காப்பாற்றியது. பன்றியின் இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து ஒரே ஓர் அமினோ அமிலத்தில் மட்டும் வேறுபடுகிறது; மாட்டின் இன்சுலின் மூன்றில் வேறுபடுகிறது. 51 அமினோ அமிலங்களில் இவ்வளவு சிறிய வேறுபாடு இருப்பதால்தான் ஒரு விலங்கின் சுரப்பு இன்னோர் உயிரின் உடலில் வேலை செய்தது. அண்மைக்கால மூதாதையின் பங்கைப் பாட்டியின் குப்பியும், மிகத் தொன்மையான மூதாதையின் பங்கை அப்பாவின் குப்பியும் சுமந்திருக்கின்றன.

ஒரே மொழி என்பது ஒரே மூதாதையைக் காட்டுமா?

அப்பாவின் இரண்டாவது தடை இன்னும் கடினமானது. மரபுக்குறியீடு எல்லா உயிரிலும் ஒன்றாக இருப்பது உண்மை என்றாலும், அதற்கு உறவுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? நீர் எங்கும் ஒரே வெப்பநிலையில் உறைவதற்கு எல்லா நீருக்கும் ஒரே தாய் இருந்ததா என்ன? வேதியியலின் கட்டாயத்தால், உயிர் எத்தனை முறை தோன்றினாலும் இதே அட்டவணைதான் வந்து சேரும் என்றால், மூதாதை என்ற முடிவு தேவையற்றதாகிவிடும். இதை அவர் நீரை வைத்துத்தான் கேட்டார். 1968-இல் பிரான்சிஸ் கிரிக் எழுப்பிய கேள்வியும் சாரத்தில் இதுவே. ஒவ்வொரு மூன்றெழுத்துச் சொல்லுக்கும் அதற்குரிய அமினோ அமிலத்துக்கும் இடையே வேதியியல் பொருத்தம் ஏதேனும் உண்டா, அல்லது தற்செயலாக அமைந்து பின்னர் மாற்ற முடியாமல் உறைந்துபோன ஏற்பாடா என்பதே அது. உறைந்த தற்செயல் என்பது அவர் வைத்த பெயர்.

இதற்கு விடை விதிவிலக்குகளில் இருக்கிறது. நம் உயிரணுக்களுக்குள் ஆற்றல் தயாரிக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில், பொது அட்டவணையில் 'நிறுத்து' என்று பொருள்படும் யு-ஜி-ஏ என்ற சொல் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கிறது என்று 1979-இல் கண்டுபிடித்தார்கள். வேதியியல் கட்டாயம் என்றால் இப்படி ஒரு மாற்றம் சாத்தியமே இல்லை. அதைவிட வலுவான சான்று 2019-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வகம் ஒன்றிலிருந்து வந்தது. ஏறத்தாழ 40 லட்சம் எழுத்துகள் கொண்ட ஈ. கோலையின் முழு மரபுத்தொகுதியையும் செயற்கையாக எழுதி, 18,214 இடங்களில் சொற்களை மாற்றி, 64 சொற்களுக்குப் பதிலாக 61 சொற்களை மட்டும் கொண்டு வாழும் பாக்டீரியாவை அவர்கள் உருவாக்கினார்கள். அது மெதுவாக வளர்ந்தது. ஆனால் உயிரோடு இருந்தது. ஆக, அட்டவணை வேறு விதமாக இருந்தாலும் உயிரால் வாழ முடியும். அப்படியிருந்தும் பாசி முதல் யானை வரை அனைத்தும், சிற்சில விலகல்களைத் தவிர்த்து, ஒரே அட்டவணையைப் பயன்படுத்துகின்றன என்றால், அது பரம்பரையாக வந்த சொத்து என்பதே மிகப் பொருத்தமான விளக்கம்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2021-இல் அதே ஆய்வகத்தினர், கைவிடப்பட்ட சொற்களைப் படிக்கும் கருவிகளையும் அந்தப் பாக்டீரியாவிலிருந்து நீக்கினார்கள். உடனே வைரஸ்களால் அதைத் தாக்க முடியாமல் போனது. ஏனென்றால் வைரஸின் கட்டளைகள் பொதுமொழியில் எழுதப்பட்டவை, அந்த மொழியின் சில சொற்கள் இப்போது அந்தப் பாக்டீரியாவுக்குப் புரிவதில்லை. மருந்து தயாரிக்கும் பெரிய கொப்பரைகளில் வைரஸ் புகுந்தால் மொத்தப் பாக்டீரியாவும் அழிந்து தொழிற்சாலையே நின்றுவிடும் ஆபத்து உண்டு. மொழியைச் சற்றே மாற்றிய பாக்டீரியா அதிலிருந்து தப்பும். மரபுமொழி ஏன் ஒன்றாக இருக்கிறது என்பது உயிரின் தோற்றம் பற்றிய கேள்வி. அதை எப்படி மாற்றலாம் என்பது உயிரித்தொழில்நுட்பத்தின் கேள்வி. இரண்டையும் ஒரே ஆய்வு, ஒரே குடுவையில் கேட்டிருக்கிறது.

மூதாதைக்கும் அப்பால்

ஆனால் இந்த இடத்தில் நான் நின்றுவிட்டால் அது நேர்மையாகாது. வளர்ச்சி ஹார்மோனும் இன்சுலினும் நம்மைக் கொண்டு சேர்ப்பது இன்றைய உயிர்கள் அனைத்துக்கும் பொதுவான கடைசி மூதாதையிடம் மட்டுமே. அந்த மூதாதை முதல் உயிர் அன்று. அதனிடம் ஏற்கெனவே மரபுக்குறியீடு இருந்தது. புரதம் செய்யும் ரைபோசோம் இருந்தது. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இருந்தன. வெறும் வேதிப்பொருள்களிலிருந்து அது வரைக்கும் நடந்த பயணம்தான் உயிர்த்தோற்றம் என்ற சொல்லின் உண்மையான பொருள். 1953-இல் ஸ்டான்லி மில்லர் மீத்தேன், அமோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றின் ஊடே மின்பொறியைப் பாய்ச்சி அமினோ அமிலங்களைப் பெற்றதை எல்லோரும் அறிவோம். அந்தச் சோதனையை அதன் விடைக்காக நினைவில் வைத்திருப்பதைவிட, இந்தக் கேள்வியை ஆய்வகத்திற்குள் கொண்டுவர முடியும் என்று காட்டியதற்காக நினைவில் வைத்திருப்பதே முறை என்று கருதுகிறேன். உயிரின் கட்டுமானப் பொருள்கள் அரியவை அல்ல. 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் பகுதியில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருந்தன. 2023-இல் பென்னு என்ற சிறுகோளிலிருந்து விண்கலம் கொண்டுவந்து சேர்த்த மண்ணில், புரதங்களில் உள்ள 20 அமினோ அமிலங்களில் 14-உம், டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டின் எழுத்துகளான ஐந்து காரமூலங்களும் இருந்ததாக 2025-இல் அறிவித்தார்கள். செங்கற்கள் விண்வெளியெங்கும் இறைந்து கிடக்கின்றன. உயிரே விண்ணிலிருந்து வந்தது என்ற கருத்து எனக்கு நிறைவளிக்காததற்குக் காரணம், அது கேள்வியை வேறோர் இடத்துக்கு நகர்த்துகிறதே தவிர விடையளிப்பதில்லை என்பதுதான்.

சிக்கல் செங்கல்லில் இல்லை, கட்டடத்தில் இருக்கிறது. புரதம் செய்ய மரபணு வேண்டும். மரபணுவைப் படியெடுக்கவும் படிக்கவும் புரதம் வேண்டும். இந்த வட்டத்தை உடைத்தது 1982-இல் தாமஸ் செக் வெளியிட்ட கண்டுபிடிப்பு: தகவலைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வே ஒரு நொதியைப் போல வேதிவினையையும் நிகழ்த்தும். சிட்னி ஆல்ட்மனும் தனியே இதே உண்மையை வந்தடைந்தார். இருவரும் 1989-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். டி.என்.ஏ.வும் புரதமும் வருவதற்கு முன்பு ஆர்.என்.ஏ. மட்டுமே இரண்டு வேலைகளையும் பார்த்த காலம் ஒன்று இருந்திருக்கலாம் என்ற கருத்துக்கு இது கைகொடுத்தது. பிறகு 2000-ஆம் ஆண்டில் ரைபோசோமின் உருவம் அணு அளவுக்குத் துல்லியமாக வெளிவந்தபோது, அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் அதன் மையத்தில் இருப்பது ஆர்.என்.ஏ. மட்டுமே என்பது தெரிந்தது. புரதங்கள் அதைச் சுற்றி முட்டுக்கொடுத்து நிற்கின்றன. வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருக்கு 2009-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த பணி இது. ஒவ்வோர் உயிரணுவிலும், மூதாதைக்கும் முந்தைய உலகத்தின் இயந்திரம் ஒன்று இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இதை வாசித்த மாலையில் நான் ஒரு கணக்குப் போட்டேன். இன்சுலினில் 21 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியில் 20 பிணைப்புகளும், 30 கொண்டதில் 29 பிணைப்புகளும் உள்ளன. ஆக மொத்தம் 49. அப்பாவின் ஊசியில் ஏறும் ஒவ்வொரு மூலக்கூறிலும் உள்ள அந்த 49 பிணைப்புகளும், ஏதோ ஒரு தொழிற்சாலைக் கொப்பரையில் இருந்த பாக்டீரியாவின் அல்லது ஈஸ்டின் ரைபோசோமுக்குள், அந்தத் தொன்மையான ஆர்.என்.ஏ. மையத்தில் ஒவ்வொன்றாக உருவானவை. உயிரின் தோற்றத்தைப் பற்றி எத்தனையோ நூற்றாண்டுகளாக மனிதர் எழுதி வந்திருக்கிறார்கள். அதன் எச்சம் செய்துகொடுத்த பொருள் ஒன்று எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருக்கிறது என்பதை நான் அறியாமலே இருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு பார்க்கும் இடமெல்லாம் இதே இழை தெரியத் தொடங்கியது. கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் இருவருக்கும் செய்த ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனை, வைரஸின் மரபுப்பொருளைப் பல மடங்காகப் படியெடுப்பதற்காக, மாதிரியை ஒவ்வொரு சுற்றிலும் 95 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி டி.என்.ஏ.வின் இரு இழைகளைப் பிரிக்கிறது. அந்தச் சூட்டில் சிதையாத, படியெடுக்கும் நொதி கிடைப்பதற்கு முன்பு, ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக நொதியைச் சேர்க்க வேண்டியிருந்தது. சிதையாத நொதி வந்தது, யெல்லோஸ்டோன் வெப்பநீர் ஊற்றுகளில் தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃபிரீஸும் 1966-இல் சேகரித்த பாக்டீரியாவிலிருந்து. எவ்வளவு சூடான நீரில் உயிர் வாழ முடியும் என்பதை அறியவே பிராக் அங்கே போனார். நோய் கண்டறியும் கருவி எதுவும் அவர் மனத்தில் இல்லை. கேரி முல்லிஸ் பி.சி.ஆர். முறையைச் சிந்தித்தது 1983-இல்தான். பயன்பாட்டை மட்டும் தேடி எவரேனும் அந்தக் கொதிக்கும் குட்டைக்குள் கைவிட்டிருப்பார்களா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. துணியின் கறையைக் கரைக்கும் சலவைத்தூளில் உள்ள நொதிகளும் பெரும்பாலும் பாக்டீரியாக்களிலிருந்து வந்தவையே. அது பலருக்கும் தெரிந்ததுதான்.

என்னை அதிகம் சிந்திக்க வைத்தது தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசி. கட்டாலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் 2005-இல் வெளியிட்ட ஆய்வின் அடித்தளத்தில் எழுந்தது அது. 2023-இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. சுருக்கமாகச் சொன்னால், கொழுப்பால் ஆன நுண்ணிய துளிக்குள் ஓர் ஆர்.என்.ஏ. இழையை வைத்து உடலுக்குள் செலுத்துகிறோம். நம் ரைபோசோம்கள் அந்த இழையில் உள்ள கொரோனா வைரஸின் வாக்கியத்தைப் படித்துப் புரதம் செய்கின்றன. முதல் உயிரணு எப்படி இருந்திருக்கும் என்று ஆராயும் ஜாக் சோஸ்டாக் போன்றோர் ஆய்வகத்தில் செய்து பார்ப்பதும் கொழுப்பு அமிலக் குமிழுக்குள் ஆர்.என்.ஏ.வை அடைப்பதைத்தான். இரண்டும் ஒன்றல்ல என்பதை மறக்கவில்லை. தடுப்பூசியின் கொழுப்பு தேர்ந்து வடிவமைக்கப்பட்டது, அதன் ஆர்.என்.ஏ. மிக நீளமானது, அதன் எழுத்துகளில் ஒன்று மாற்றப்பட்டது. ஆயினும் உறையில்லாத ஆர்.என்.ஏ. விரைவில் சிதைந்துவிடும் என்ற ஒரே தடையை இரு தரப்பும் சந்திக்கின்றன. கொழுப்பு உறை என்ற ஒரே திசையில்தான் இரு தரப்பும் விடை தேடியிருக்கின்றன.

இன்னும் திறக்காத கதவு ஒன்று உண்டு. அமினோ அமிலங்களோ ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளான நியூக்ளியோடைடுகளோ ஒன்றோடொன்று பிணையும்போது நீர் வெளியேறுகிறது. ஆகவே நீருக்குள் அந்தப் பிணைப்புகள் உருவாவது கடினம், உடைவது எளிது. கடலடி வெப்பத் துளைகள் ஆற்றலைத் தருகின்றன. அவற்றின் பாறை இடுக்குகள் உயிரணுவின் அறைகளைப் போல அமைந்திருக்கின்றன. ஆனால் எந்நேரமும் நீர் சூழ்ந்திருக்கும் இடம் அது. காய்ந்தும் நனைந்தும் மாறிவரும் நிலத்துக் குட்டைகளில் பிணைப்புக்கு வாய்ப்பு அதிகம். 1871-இல் சார்லஸ் டார்வின் தம் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் ஊகித்ததும் வெதுவெதுப்பான ஒரு சிறு குட்டையைத்தான். ஜான் சதர்லாண்டின் குழு 2009-இல், பழைய பூமியில் இருந்திருக்கக்கூடிய எளிய மூலக்கூறுகளிலிருந்து ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளில் இரண்டைச் செய்து காட்டியது முதல், என் மனம் நிலத்தின் பக்கமே சாய்ந்திருக்கிறது. ஆனாலும் வெளியுதவி ஏதுமின்றித் தானாகவே பெருகி, மாறி, மேலும் பெருகிச் செல்லும் ஆர்.என்.ஏ. தொகுதி ஒன்று இன்னும் எந்தக் குடுவையிலும் எழவில்லை. 2016-இல் 473 மரபணுக்கள் மட்டுமே கொண்ட உயிரணுவைக் கிரேக் வென்டரின் குழு உருவாக்கியபோதும், அவற்றில் 149 மரபணுக்கள் என்ன வேலை செய்கின்றன என்பது விளங்காமலே இருந்தது. அத்துடன், அந்த மரபுத்தொகுதி உயிர்பெற, ஏற்கெனவே உயிரோடிருந்த ஓர் உயிரணுவின் உடல் தேவைப்பட்டது.

இந்த 49 பிணைப்புகளின் கதையைப் போன வாரம் ஓர் இரவு அப்பாவிடம் சொல்லி முடித்தேன். அவர் ஊசியைப் போட்டுக்கொண்டு, பஞ்சால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார். இந்த ரைபோசோமை எது செய்தது என்று பிறகு கேட்டார். அதற்கு முந்தைய உயிரணுவில் இருந்த ரைபோசோம்களும் நொதிகளும் சேர்ந்து செய்தன என்றேன். அவற்றை? அவற்றுக்கு முந்தையவை. அவர் தலையசைத்தார். "இப்படிப் பின்னால் போய்க்கொண்டே இருந்தாலும், எந்தக் கணக்குக்கும் ஒரு தொடக்க இருப்பு என்று எங்கேயாவது இருந்தாக வேண்டுமே. அந்த முதல் தொகை எங்கிருந்து வந்தது?"

சில மாதங்களுக்கு முன் பாதியில் நிறுத்திய கட்டுரையை எடுத்து வந்து மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடலடித் துளைகளைப் பற்றிய பத்தியைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கிருந்து தாமே உரக்க வாசிக்கத் தொடங்கினார்.